பீடர் இரண்டு

டாக்டர் என் பிரஷர் என்று பார்த்தது என்னுடைய பிரஷர் இல்லை. நடந்த தவறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி வந்தவை. ஒரு மாத்திரை இரண்டாயிற்று. பதினோராம் நாள் துணி துவைக்கிற கல்லில் நெற்றி மோதி விழுந்தேன். மூன்று தையல். சென்னையிலிருந்து மகள் பகவதி ரயிலேறி ஓடி வந்தாள். வந்தவள் நேற்று முழுக்க என் வீட்டை அளந்துகொண்டே இருந்தாள், எதை எடுத்துப் போவது, எதை யாருக்குக் கொடுப்பது என்று. வாயால் சொல்லவில்லை. கண்ணால். அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தன் ஜன்னல். இன்றைக்கு இந்த டாக்டரம்மா ‘இவர் தனியாக இருக்கக் கூடாது’ என்று ஒரு வரி சொன்னால் போதும், பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் இருந்த வீட்டுக்குப் பூட்டு. அந்த ஒரு வரியை வாங்க அவள் வந்திருக்கிறாள். வாங்க விடாமல் இருக்க நான் வந்திருக்கிறேன். டோக்கன் முப்பத்தொன்று. போர்டில் சிவப்பாக இருபத்திரண்டு. நாற்காலி எல்லாம் ஒன்றோடொன்று பூட்டியிருக்கிறது, ஒருத்தன் காலை ஆட்டினால் ஆறு பேரும் ஆடுகிறோம். பினாயில் வாடை. தையல் போட்ட இடம் விண் விண் என்கிறது. மடியில் ஒரு தாள், அதன் மேல் பகவதி வைத்த பேனா. முழங்காலுக்கு நடுவில் மஞ்சள் பை, பைக்குள் என் நோட்டு. பை பத்திரம். இரண்டு முழங்காலும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறேன். “எதுக்குப்பா அதை அப்படிப் பிடிச்சிட்டு இருக்கீங்க? கொடுங்க, நான் வச்சுக்கறேன்.” வேண்டாம். “கால் வலிக்கும்பா.” வலிக்கட்டும். என் கால்தானே.

அந்த மெஷின். தீபாவளிக்கு அவள்தான் வாங்கி வந்தாள். பழையது நன்றாகத்தான் இருந்தது, காற்றடிக்கிற உருண்டையில் மட்டும் ஒரு கீறல், ரப்பர் ஒட்டு போட்டிருந்தேன். இது புதுசு, கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும். “நீங்க எழுதவே வேண்டாம்பா, தானா போயிரும்” என்றாள். ஒரு பழைய போனைக் கண்ணாடி அலமாரியில் சார்ஜில் போட்டு வைத்தாள், ‘இதை மட்டும் அணைக்காதீங்க’ என்று. தானா போயிரும். எங்கே போகும், யாரிடம் போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் சப்-ஸ்டேஷனில் ஷிப்ட் ஆபரேட்டர். அங்கே கரண்ட் எங்கிருந்து வருகிறது, எந்த லைனில் போகிறது என்று தெரியாமல் ஒரு கைப்பிடியைத் தொட மாட்டேன். வீட்டுக்குள் வந்ததும் புத்தி மழுங்கிவிட்டது. மெஷின் அளந்ததெல்லாம் அந்தப் பழைய போனுக்குப் போகிறது, அங்கிருந்து பகவதி போனுக்கு, அங்கிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றே: ஆவுடையப்பன், வயது எழுபத்திரண்டு. நான் நினைத்தேன், அளக்கிற மெஷினுக்கு யார் கை என்று தெரியாமலா இருக்கும் என்று. எங்கள் இடத்தில் ஒவ்வொரு லைனுக்கும் தனி மீட்டர். ஒரு மீட்டர் இரண்டு லைனைக் காட்டாது. காட்டினால் அது மீட்டரே இல்லை. இது காட்டியது. என் கையையும் இன்னொரு கையையும் ஒன்றாக்கிவிட்டது. எனக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தக் கைக்கு நூற்றுத் தொண்ணூறு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நூற்று நாற்பத்துநாலு. எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கும் இல்லாத பிரஷர். அந்த இல்லாத ஆளுக்கு மருந்து எழுதினார்கள், நான் தின்றேன்.

“யாரோடதுப்பா?” நேற்றிலிருந்து நூறு தடவை கேட்டுவிட்டாள். அதெல்லாம் என்னோடது இல்லை என்று ஒரு தரம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், அவளும் விட்டிருக்க வேண்டும். “அப்ப யாரோடது?” சொல்ல மாட்டேன். “சொல்ல மாட்டீங்களா, இல்ல, சொல்லத் தெரியலையா?” அந்தக் கேள்வியின் முனை எனக்குப் புரிந்தது. அவளுக்கு என் நெற்றியைப் பற்றி அல்ல பயம், நெற்றிக்கு உள்ளே இருப்பதைப் பற்றி. அதற்குக் காரணம் இந்த நோட்டு. நான் குளிக்கப் போன நேரம் எடுத்துப் படித்திருக்கிறாள். நான் எழுதுவதை நிறுத்தவில்லை, மெஷின் அதுபாட்டுக்கு இருக்கட்டும், கையால் எழுதாத எண்ணை நான் நம்புவதில்லை. பக்கத்துக்கு நடுவில் கோடு. இடது பக்கம் பீடர் ஒன்று, வலது பக்கம் பீடர் இரண்டு. சப்-ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் பிரிந்து போகிற ஒவ்வொரு லைனுக்கும் பீடர் என்று பேர், மணிக்கு ஒரு தரம் ஒவ்வொன்றின் அளவையும் ஷீட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பீடர் ஒன்று நான். பீடர் இரண்டு செண்பகம். கட்டின பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவேன், “பீடர் ரெண்டு, கையை நீட்டு.” “ஆமா, உங்க சப்-ஸ்டேஷன்லதான் நான் வாக்கப்பட்டேன்” என்று முனகிக்கொண்டே நீட்டுவாள். பகவதிக்கு இது சின்ன வயசிலிருந்தே தெரியும். செண்பகம் போய் நாலு வருஷம். அந்தப் பக்கம் மூன்று வருஷம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு எண்கள் வந்தன. தினமும் காலை ஆறு பத்து. 184, 190, 178, 192. பகவதி அதைப் பார்த்திருக்கிறாள். செத்துப்போன அம்மாவுக்கு அப்பா தினமும் பிரஷர் பார்த்து எழுதுகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். நேற்று அடுக்களையில் நின்றுகொண்டு புருஷனிடம் போனில் அழுதாள். “ரெண்டு தடவை தன் கையிலேயே எடுக்காருங்க, ஒண்ணு அம்மா பேருல எழுதுதாரு.” கோபமோ அழுகையோ வந்தால்தான் அவளுக்கு ஊர்ப் பேச்சு திரும்புகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நோட்டைப் பார்க்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். வேறு பேர் போட்டிருக்கலாம், பீடர் மூன்று என்று ஒரு கோடு இழுத்திருக்கலாம். மூன்று வருஷம் வெறுமையாகக் கிடந்த பத்தியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதை எவனிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இருபத்துநாலு. யார் அந்தக் கை. சொல்ல மாட்டேன். மனசுக்குள்கூட அந்தப் பேரைச் சொல்லவில்லை, நேற்றிலிருந்து. நினைத்தால் வாயில் வந்துவிடும், பகவதி வாயைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், செண்பகத்தின் பிள்ளை. இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிற ஒரு மனுஷி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை, பையன் திருப்பூரில். விடியும்போது எங்கள் தெரு வழியாக நடந்து போவாள். ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலை சுற்றுகிறது என்று. தண்ணீர் கொடுத்தேன், பட்டையைச் சுற்றினேன். இருநூறு தொட்டது. நான் கண்ட கண்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். “ஏம்மா, அறிவு இருக்கா உனக்கு? டாக்டர்ட்ட போகக்கூடாதா?” “போனா தெரிஞ்சிரும் அண்ணாச்சி.” யாருக்கு? “பெரிய வீட்டுக்கு.” இவளுக்கு முந்தி அங்கே சமையல் செய்தவள் அடுப்புப் பக்கத்தில் மயங்கி விழுந்தாளாம், மறுநாளே நிறுத்திவிட்டார்களாம். ‘எங்க வீட்ல வச்சு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லது’ என்று. “அந்த அம்மாவும் காட்டுதது நீங்க காட்டுத ஆஸ்பத்திரிதான் அண்ணாச்சி. அங்க உக்காந்திருக்க எல்லாரும் எல்லார் பேச்சையும் கேப்பாவ. நீங்க பாத்துச் சொல்லுங்க, அது போதும். யாருட்டயும் சொல்லிராதீய.” சரி என்றேன். அந்தச் சரியைத்தான் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். மூணாவது வரிசையில் அந்தப் பெரிய வீட்டு அம்மாளும் இருக்கிறாள், கருநீலப் பட்டு, கையில் புஸ்தகம் மாதிரி கனமான போன். வந்ததும் பார்த்துவிட்டேன். ஊர் இவ்வளவுதான் பெரிசு. சமையல் செய்கிற கைக்கும் சாப்பிடுகிற வாய்க்கும் ஒரே டாக்டர், ஒரே கவுண்டர், கவுண்டரில் கத்திக் கூப்பிட ஒரே பெண்.

அந்தப் பெண் வந்து நிற்கிறாள். கத்திரிப்பூ நிறத்தில் யூனிபார்ம். “தாத்தா, பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சா?” போடல. “போட்டாத்தான் தாத்தா உள்ள அனுப்ப முடியும்.” எந்தச் சட்டத்தில்? விழிக்கிறாள். பகவதி என் தொடையைத் தட்டுகிறாள், சின்ன வயசில் நான் அவளைத் தட்டின மாதிரி. “எல்லாரும் போட்டுட்டாங்க தாத்தா.” எல்லாரும் எல்லாரும்தான், நான் நான்தான். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிக்கிறார். தடித்த ஆள், சர்க்கரைக்காக வந்திருக்கிறார், கையில் ஒட்டின பஞ்சு. “என்ன அண்ணாச்சி நீங்க, நம்ம சுகரு தெரிஞ்சு எவன் என்ன பண்ணப் போறான்? என் சுகரை எடுத்துப் பாயசமா காச்சப் போறான்? நான்லாம் பேப்பரைப் படிக்கவே இல்ல, போட்டுட்டேன். நானே பஸ் ஸ்டாண்டுல பாக்கவன்ட்டலாம் சொல்லிட்டுத் திரியேன், முன்னூத்தி இருபதுன்னு. ஒரு பயலும் காதுல வாங்க மாட்டக்கான். இவனாவது கேக்கானேன்னு இருக்கு.” நல்ல மனுஷன். அவர் சுகர், அவர் கொடுக்கிறார். கொடுக்கட்டும். தாளை நான் படித்தேன், மூன்று தரம். ‘வீட்டில் என்னால் எடுக்கப்பட்ட அளவுகளை இம்மருத்துவமனையும் அது தேர்ந்தெடுக்கும் பிற அமைப்புகளும் பயன்படுத்திக்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.’ பிற அமைப்புகள். அங்கேயே முட்டி நிற்கிறது. பிற என்றால் எவன். மருந்துக் கம்பெனியா, இன்சூரன்ஸா, வேலைக்கு ஆள் எடுக்கிறவனா. என்னால் எடுக்கப்பட்ட அளவு. ஆமாம், என்னால்தான் எடுக்கப்பட்டது. ஆனால் என்னிடமிருந்து எடுக்கப்பட்டதா? என் அளவை மட்டும் என்றால் இந்தா பிடி என்று கொடுத்திருப்பேன், எனக்கு என்ன வெட்கம், காலையில் வெளிக்குப் போனேனா இல்லையா என்பது வரை சொல்வேன். நோட்டின் வலது பக்கம் என் சொத்து இல்லை. என்னிடம் வைத்திருக்கக் கொடுத்தது. வைத்திருக்கக் கொடுத்ததைத் தூக்கி மனப்பூர்வமாகச் சம்மதிக்க நான் யார்.

முத்துவீரன். வந்துவிட்டான். வருவான் என்று தெரியும், இந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்தே என் கண்ணுக்கு மட்டும் வாசலில் நிற்கிறான், காக்கிச் சட்டை, இடுப்பில் கட்டிங் பிளேயர். தொண்ணூற்றாறாம் வருஷம். எங்கள் வயர்மேன். ஒருநாள் பகல் பதினொன்றே கால், கண்ட்ரோல் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் சாய்ந்தான், வாயில் நுரை, கை கால் இழுத்தது. தண்ணீர் தெளித்தேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கால் மணியில் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மிச்ச டீ எங்க” என்றான். நான் ஷீட்டில் எழுதினேன். 11.15, வயர்மேன் முத்துவீரனுக்கு வலிப்பு, 11.30 சரியானது. ஏன் எழுதினேன்? ஷிப்டில் நடந்ததை எழுத வேண்டும், எழுதினேன். பிரேக்கர் விழுந்தாலும் எழுதுவேன், மழை பெய்தாலும் எழுதுவேன், பாம்பு வந்தாலும் எழுதுவேன். வேறு நினைப்பில்லை. ஆறு மாதம் கழித்து அவன் கம்பத்திலிருந்து விழுந்தான். வேலை நேரத்தில், மின்வாரியக் கம்பத்தில், ஏணியின் கீழ்ப்படி உளுத்துப்போய் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். விசாரணைக்கு வந்தவர்கள் ஏணியைப் பார்க்கவில்லை. என் பழைய ஷீட்டைப் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் விரலை வைத்தார்கள். ‘இவருக்கு ஏற்கெனவே வலிப்பு இருந்திருக்கிறது, விழுந்தது நோயால், நஷ்டஈடு கிடையாது.’ என் கையெழுத்து. அழகான கையெழுத்து, எங்கள் இன்ஜினியர் எப்போதும் பாராட்டுவார். நான் எழுந்து நின்று ஏணி உளுத்திருந்தது என்றேன். “அது லாக் ஷீட்ல இருக்கா?” இல்லை. ஏணியைப் பற்றி நான் எழுதவில்லை. அவன் பெண்டாட்டி கேட்டருகே நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “நீங்க உள்ளதைத்தான எழுதுனிய அண்ணாச்சி” என்றாள். உள்ளதைத்தான் எழுதினேன். பொய் எழுதவில்லை. பொய் எழுதியிருந்தால்கூட ஒருநாள் திருத்தியிருக்கலாம். உண்மையை எப்படித் திருத்துவது. இன்னோர் ஆள் கையில் போனதும் அது வேறு உண்மையாகிவிட்டது. அதிலிருந்து மனுஷன் பேரை எந்த ஷீட்டிலும் எழுதுவதில்லை. பீடர் ஒன்று, பீடர் இரண்டு. கம்பிக்கு வெட்கம் இல்லை. கம்பியை வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள்.

இருபத்தொன்பது. வாய் கசக்கிறது, மாத்திரைக் கசப்பு, அந்தப் பாழாய்ப்போன இரண்டாவது மாத்திரை. இதோ பார் ஆவுடையப்பா, வீரமாகப் பேசுகிறாய். பொத்திப் பொத்தி வைக்கிறாயே, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நீ ரகசியத்தைக் காப்பாற்றுகிறாய், அவளைக் காப்பாற்றுகிறாயா? நாளைக்கே அந்த அடுப்படியில் விழுந்தால்? அப்போது உன் நோட்டை எடுத்துப் புரட்டுவார்களே, ஒரு வருஷமாக இவனுக்குத் தெரிந்திருக்கிறது, இவன் வாயைத் திறக்கவில்லை என்று? முத்துவீரனை எழுதிக் கெடுத்தாய், இவளை எழுதாமல் கெடுக்கிறாயா? தெரியவில்லை. இந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறது, நேற்றிலிருந்து. திட்டினேனே, தினமும் திட்டினேனே, மாத்திரை வாங்கு, உப்பைக் குறை, அரசு ஆஸ்பத்திரிக்காவது போ என்று. “ஞாயித்துக்கிழம போறேன் அண்ணாச்சி.” ஐம்பது ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இன்று காலையும் வந்தாள். ஆறு பத்து. கேட் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கும் முன்னே பகவதி போய்விட்டாள். உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “யாருங்க?” “அண்ணாச்சி இருக்காவளாம்மா?” “அப்பாக்கு முடியல. பிரஷர் நூத்தித் தொண்ணூறு போகுது, மருந்தைக் கூட்டி, விழுந்து, மண்டையில தையல் போட்ருக்கு. அம்மா பேருல எழுதுறாரு, மனசு சரியில்ல. இன்னைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன், அடுத்த வாரம் சென்னைக்கே. இனிமே இங்க இருக்க மாட்டாரு.” எதற்கு வழியில் போகிறவளிடம் இவ்வளவும் சொல்கிறாள்? அடக்கிவைத்தது, யாரிடமாவது கொட்ட வேண்டும். “நூத்தித் தொண்ணூறா?” என்று வந்தவள் கேட்டாள். அந்தக் குரல். பிறகு “சரிம்மா” என்றாள். செருப்புச் சத்தம் தெருவோடு போய்விட்டது. போகட்டும், நல்லதுதான், வேலைக்கு நேரமாகியிருக்கும். போகிறவளைக் கூப்பிட நினைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தேன், தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தொன்று. “ஆவுடையப்பன்!” கத்துகிறாள். எழுந்தேன், நாற்காலி வரிசையே எழுந்தது மாதிரி ஆடியது. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கருநீலப் பட்டு அம்மாள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாரு. டாக்டரம்மா சின்னப் பெண், பகவதியைவிடச் சின்னவள், களைத்த கண். மேஜையில் ஒரு திரை, திரையில் என் பேர், பேருக்குக் கீழே கோடு ஊசி ஊசியாக ஏறி இறங்குகிறது. “உங்க பிரஷர் ஊஞ்சல் ஆடுது சார்” என்றாள். இப்போது எடுங்கள் என்று கையை நீட்டினேன். எடுத்தாள். நூறு, அறுபத்திரண்டு. பார்த்தீங்களா என்றேன். “பாத்தேன். இப்ப நூறு, தினம் காலையில நூத்தித் தொண்ணூறு. இந்த ஆட்டம்தான் ஆபத்து.” அது என்னோடது இல்லை. “யாரோடது?” நாசமாகப் போக, இவளுமா. பகவதி குனிந்து மெதுவாகச் சொல்கிறாள், எனக்குக் கேட்காது என்று நினைத்து. “அம்மா இறந்து நாலு வருஷம் ஆச்சு டாக்டர். அந்த நோட்டுல இன்னும் அம்மாவுக்கு எழுதிட்டு இருக்காரு.” டாக்டரம்மா முகம் மாறியது. குரலில் சர்க்கரை போட்டுக்கொண்டாள். “இன்னைக்கு என்ன கிழமை சார்?” வியாழன். “தேதி?” சொன்னேன். “நூறிலேர்ந்து ஏழேழா கழிச்சிட்டே வாங்க பாப்போம்.” என்னையா? எட்டு பீடருக்கு மணிக்கு மணி கூட்டல் கழித்தல் போட்டவனையா? தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அது என் வயது, அறுபத்தஞ்சு, அம்பத்தெட்டு, அதில் ரிட்டையர் ஆனேன். “போதும் சார்.” போதாது. அம்பத்தொண்ணு, நாப்பத்துநாலு, முப்பத்தேழு, முப்பது, இருபத்துமூணு, பதினாறு, ஒம்போது, ரெண்டு. மீதி ரெண்டு. அதுக்கு மேல போகாது.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பகவதி சிரிக்கவில்லை, மூக்கை உறிஞ்சினாள். “பேரைச் சொல்லுங்களேன்பா. ஒரே ஒரு பேரு. நான் நம்புதேன். நீங்க சொன்னா நான் நம்புதேன். எதுக்கு இப்பிடி என்னைச் சாகடிக்கிய?” அது குத்தியது. பிள்ளை கண்ணீர் வேறு. ஒரு பேர். மூன்று வினாடி. வீடு எனக்கு, துவைக்கிற கல் எனக்கு, காலையில் தனியாகப் போட்டுக் குடிக்கிற காப்பி எனக்கு. கதவு சரியாகச் சாத்தவில்லை, வெளியே டி.வி. சத்தம் உள்ளே கேட்கிறது, உள்ளே பேசுவது வெளியே கேட்கும், மூணாவது வரிசை வரைக்கும் கேட்கும். நாக்கு நுனியில் முதல் எழுத்து. கடித்தேன். மடக்கின தாளை எடுத்து மேஜையில் வைத்தேன், கையெழுத்துப் போடாமல், எழுத்துப் பக்கம் கீழே இருக்க. “டாக்டரம்மா, என் கையில எடுத்த கணக்கு வேணுமா, கேளுங்க, தாரேன், இங்கேயே வாசிக்கேன். மத்தது தர மாட்டேன். என்னைப் பைத்தியம்னு எழுதணுமா, எழுதிக்கிடுங்க. மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போணுமா, கையக் காலக் கட்டித் தூக்கிட்டுப் போங்க. பேரு சொல்ல மாட்டேன்.” டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். அந்த ஒரு வரி. எழுதப் போகிறாள். பேனா தாளைத் தொட்டதைப் பார்த்தேன்.

வெளியே சத்தம். “அம்மா, டோக்கன் இல்லாம போகக் கூடாது, அம்மா!” அதற்குப் பின்னால் இன்னொரு குரல், பட்டுக் குரல், “ஏய், நீ எங்க இங்க? அடுப்புல என்ன வச்சிட்டு வந்த?” கதவு திறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் வயர் கூடை, மூச்சு வாங்க, வெங்காய வாடையோடு அந்த மனுஷி. “இங்க உனக்கு என்ன ஜோலி? போ வெளிய!” என்று கத்தினேன், நானே எதிர்பார்க்காத சத்தம். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. “டாக்டரம்மா, அந்தக் காலம்பற ஆறு மணிக் கணக்கு என்னோடது. அண்ணாச்சி மெஷின்ல நாந்தான் தெனமும் பாத்தேன். அவுகளுக்கு ஒரு கேடும் கெடயாது, நல்ல தெளிவாத்தான் இருக்காவ, தெனம் காலைல என்னைத் திட்டுத திட்டு ஒண்ணு போதும் அதுக்கு.” பகவதி வாயைத் திறந்தாள். “காலையில வந்தீங்களே, நீங்களா?” “ஆமாம்மா.” வாசலில் பட்டுச் சேலை நின்றது, கவுண்டர் பெண் நின்றாள், அந்த முன்னூத்தி இருபது சுகர்க்காரர்கூட எட்டிப் பார்த்தார். உஷ், எல்லோருக்கும் கேட்கிறது, சும்மா இரு, சும்மா இரு என்று பல்லைக் கடித்தேன். “நீங்க சும்மா கிடங்க அண்ணாச்சி. மெஷினு உங்களுது, நோட்டு உங்களுது. கை என்னோடதுல்லா” என்றாள். கூடையைக் கீழே வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றி, கையை மேஜை மேல் நீட்டினாள், என் வராந்தாப் படியில் தினமும் நீட்டுகிற மாதிரியே. டாக்டரம்மா பட்டையைச் சுற்றினாள். காற்று ஏறுகிற சத்தம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றுப் பன்னிரண்டு. பகவதி என் அக்குளிலிருந்து பையை எடுத்தாள், நான் விட்டேன். நோட்டைத் திறந்து வலது பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டு போனாள், நேற்றைய எண் வரைக்கும், பிறகு மூடி என் மடியில் வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே கையை எடுக்காமல் இருந்தாள். டாக்டரம்மா என் தாளை, அந்த ஒரு வரியை எழுதத் தொடங்கின தாளை, கசக்கிக் கூடையில் போட்டாள். என் பழைய மருந்துச் சீட்டில் இரண்டாவது மாத்திரையைக் கோடு போட்டு அடித்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். “இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும் உங்களுக்கு.” “ஆரம்பிங்க.” வாசலில் நின்ற பட்டு, “இதை ஏன் நீ எங்ககிட்ட சொல்லல?” என்றது. “சொன்னா நிறுத்திருவியள்லா. இப்ப நிறுத்தணும்னா நிறுத்துங்க, வேற அடுப்பு இல்லாமலா போவும்” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஏற்றின வளையலை இன்னொரு தரம் மேலே ஏற்றினாள், பயந்தால் அப்படித்தான். அது எனக்கு மட்டும் தெரியும், ஒரு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். “பேரு?” என்று டாக்டரம்மா கேட்டாள், பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்து. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதை நான் சொல்ல மாட்டேன், இப்போதும் சொல்ல மாட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். வாசல் வரைக்கும், அதற்கு அப்பால் மூணாவது வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்: “எழுதிக்கிடுங்க. செல்லக்கனி.”